புகையைப் பார்த்து இன்ஜினை இறக்காதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்: பழைய கார் இன்ஜின்

பழைய கார் வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: இன்ஜின் தேய்ந்துவிட்டது, பிரித்து வேலை பார்ப்பதா, வேறு இன்ஜின் வைப்பதா? ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கி, கீழே பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: 1960களின் கார், 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். பின்னால் நீலப் புகை வருகிறது. 600 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. ஒரு மெக்கானிக் ‘இன்ஜினை இறக்கணும்’ என்கிறார். இன்னொருவர் ‘இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மாடல் இன்ஜின் வைத்துவிடலாம்’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? – எஸ்.கே.

பதில்: இருவரில் யாரும் எதையும் அளந்து பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. அதுவரை இருவர் பேச்சையும் ஓரமாக வையுங்கள்.

நீலப் புகை வந்தால், எரியும் அறைக்குள் ஆயில் போகிறது என்பது மட்டுமே நிச்சயம். எந்த வழியாகப் போகிறது என்பதைப் புகை வரும் நேரம் ஓரளவு காட்டிக்கொடுக்கும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு கொத்துப் புகை வந்து நின்றுவிட்டால், வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கும் வால்வு ஸ்டெம் சீலைச் சந்தேகப்படலாம். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துக் கியரிலேயே அரை நிமிடம் உருட்டிவிட்டு, கீழே வந்து அழுத்தும்போது குப்பென்று வந்தால் வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக் பக்கம் வெற்றிடம் மிக அதிகமாக இருக்கும்; தளர்ந்த கைடு வழியாக ஆயிலை அது உறிஞ்சிவிடும். ஏற்றத்தில் சுமையோடு இழுக்கும்போது விடாமல் புகைந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், அது உரசும் சிலிண்டர் உட்சுவரான போர் பக்கம் பாருங்கள். இதைக் கண்ணாடியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பின்னால் இன்னொரு வண்டியில் ஒருவர் வந்து பார்த்துச் சொல்லட்டும்.

இன்ஜினுக்கு வெளியே இரண்டு விஷயங்களை முதலில் சரிபாருங்கள். ஒன்று, இன்ஜினின் அடிப்பகுதி மூச்சு விடும் வழியான கிராங்க் கேஸ் பிரீத்தர். அதன் குழாய் அடைபட்டிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல ரிங்கையும் தாண்டி ஆயில் மேலே வரும், சீல்களும் கசியும். இரண்டு, இன்ஜினின் வெற்றிடத்தால் பிரேக்குக்கு வலு கூட்டும் வேக்குவம் பிரேக் சர்வோ. அதன் உள் சீல் போயிருந்தால் இன்ஜின் பிரேக் ஆயிலை உறிஞ்சி வெண்புகை விடும். பிரேக் ஆயில் அளவு காரணமில்லாமல் குறைந்துகொண்டே வருகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு சீலுக்காக இன்ஜினையே பிரித்துப் போட்டவர்கள் உண்டு.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட். இன்ஜின் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும். பேட்டரி முழு சார்ஜ். எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றி மற்றதை விட்டால் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும், அளவு தப்பும். காயிலின் வயரை எடுத்துவிடுங்கள். ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஐந்தாறு அழுத்தம் வரும்வரை சுற்ற விட்டு எழுதிக்கொள்ளுங்கள். 8:1 விகிதம் உள்ள ஆரோக்கியமான பழைய இன்ஜினில் 130 முதல் 160 பிஎஸ்ஐ வரும். கேஜுக்குக் கேஜ் வித்தியாசம் இருப்பதால், எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒத்துப்போகின்றனவா என்பது முக்கியம். அதிகமானதற்கும் குறைவானதற்கும் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

குறைவான சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒன்றிரண்டு தேக்கரண்டி, அதாவது 5 முதல் 10 மில்லி ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம். ஆயில் இடைவெளியை அடைத்ததால் ஏறுகிறது. அசையவே இல்லை என்றால் வால்வு அல்லது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட். நான்கு எண்ணும் நன்றாகவே இருந்தும் ஆயில் குடித்தால், கைடுகளையும் ஆயில் ரிங்கையும் பாருங்கள். ஆயில் ரிங்கின் துளைகள் கரி பிடித்து அடைத்துக்கொண்டாலும் மேல் ரிங் கம்ப்ரஷனைக் காப்பாற்றிவிடும்.

லீக் டவுன் டெஸ்ட் செய்ய வசதியுள்ள பட்டறை கிடைத்தால் விடாதீர்கள். பிஸ்டனைக் கம்ப்ரஷனின் உச்சியில் நிறுத்தி, கியரில் போட்டு அசையாமல் பிடித்து, 100 பிஎஸ்ஐ காற்றை உள்ளே விட்டு எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பார்கள். பழைய இன்ஜினில் 10 சதவீதம் மிக நன்று. 20 வரை ஓட்டலாம். 30ஐத் தாண்டினால் வேலை காத்திருக்கிறது. காற்று எங்கே சீறுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வு. சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் துளையில் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல்.

இனி உங்கள் இரண்டாம் மெக்கானிக்கின் யோசனை. புது மாடல் இன்ஜினை உட்கார வைப்பது எளிது. அதைச் சுற்றியுள்ளதுதான் வேலை: மவுண்ட் வெல்டிங், கியர்பாக்ஸ் இணைப்பு, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம், ரேடியேட்டர் கொள்ளளவு, ஸ்டீயரிங் கம்பிக்கும் எக்ஸாஸ்டுக்கும் இடையே இடம், எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப், கூடுதல் சக்திக்கு ஈடு கொடுக்கும் பிரேக். பதிவுப் புத்தகத்திலும் மாற்றம் பதிய வேண்டியிருக்கும். பாதியில் நின்றுபோய் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் இந்த வகைதான் அதிகம். பிளாக்கில் விரிசல் இல்லை, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைக் கிரைண்ட் செய்ய (தேய்மானம் போகச் சீவ) இடம் இருக்கிறது, பிஸ்டனும் பேரிங்கும் கிடைக்கின்றன – இந்த மூன்றுக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தால் உங்கள் இன்ஜினையே சரி செய்யுங்கள். இரண்டுக்கு ‘இல்லை’ என்றால் அதே வகை இன்ஜின் வேறொன்றைத் தேடுங்கள்.

கேள்வி: கம்ப்ரஷன் 142, 138, 60, 65. ஆயில் விட்டும் ஏறவில்லை. இன்ஜின் முடிந்ததா?

பதில்: இல்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால், அவற்றுக்கு இடையே கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். ஹெட்டைக் கழற்றினால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுத்த தடம் தெரியும். புது கேஸ்கெட் வைத்து மூடிவிடாதீர்கள். ஏன் எரிந்தது என்று பார்க்க வேண்டும். ஹெட்டின் மேல் நேர்விளிம்புக் கம்பியை நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். 0.05 மி.மீ. பரவாயில்லை, 0.10 நுழைந்தால் ஃபேசிங், அதாவது முகம் சீவுதல் வேண்டும். பிளாக்கின் மேற்பரப்பையும் அப்படியே பாருங்கள். பலர் இதை மறக்கிறார்கள். முகம் சீவியதும் கம்ப்ரஷன் கூடும், புஷ் ராடின் அமைப்பும் சற்று மாறும். ஆகவே தேவைக்கு மேல் ஒரு துளிகூடச் சீவ விடாதீர்கள்.

கேள்வி: காலையில் ஆயில் பிரஷர் 60 பிஎஸ்ஐ. சூடானதும் ஐடிலில் 8க்கு வந்துவிடுகிறது. சத்தம் எதுவும் இல்லை. இன்ஜினை இறக்காமல் அடியிலிருந்தே பேரிங் மாற்றிவிடலாமா? – ஆர்.பி.

பதில்: மாற்றலாம், ஆனால் அது நான்காவது படி.

டாஷ்போர்டு மீட்டரை நம்பாமல், பிளாக்கில் நேராக மெக்கானிக்கல் கேஜ் மாட்டி அளப்பது முதல் படி. சூடான இன்ஜினில் 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பொதுக் கணக்கு. 3000த்தில் 40க்கு மேல் நின்றால், ஐடிலில் 8 இருப்பது கவலைதான், அவசரமில்லை. 3000த்திலும் 20ஐத் தாண்டவில்லை என்றால் வண்டியை நிறுத்துங்கள்.

பிறகு டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, அளவும் ஏறியிருந்தால் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாபிரம் கிழிந்து பெட்ரோல் சம்ப்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) இறங்குகிறது. ஆயில் நீர்த்துப் போனால் பிரஷர் விழாமல் என்ன செய்யும்? பம்பைச் சரி செய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கார் கையேடு சொல்லும் கிரேடை ஊற்றி மறுபடி அளங்கள்.

மூன்றாவது, அழுத்தம் மீறினால் ஆயிலைத் திருப்பி விடும் ரிலீஃப் வால்வு. தூசோ உலோகத் துணுக்கோ சிக்கி, வால்வு முழுதாக மூடாமல் நின்றாலும் இதே அறிகுறிதான். கழற்றித் துடைத்து, உட்காரும் இடத்தில் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு அழுத்தம் ஏற்றும் குறுக்குவழி வேண்டாம். அது அதிக ஆர்பிஎம்மில் மட்டும் எண்ணைத் தூக்கிக் காட்டும். ஐடிலில் வால்வு ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது, அங்கே ஒன்றும் மாறாது. 20W-50க்குப் பதில் இன்னும் தடித்த ஆயில் ஊற்றுவதும் நோயை மறைக்கும் குறுக்குவழிதான்.

இதற்குப் பிறகும் பிரஷர் குறைவு என்றால் ஆயில் ஃபில்டரை வெட்டி, காகித மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெள்ளி நிறச் செதில்கள் பேரிங்கின் மேல்பூச்சு. செம்பு நிறம் தெரிந்தால் பூச்சு போய் அடிப்படலம் வரை தேய்ந்துவிட்டது. காந்தத்தில் ஒட்டும் துகள் வால்வைத் திறக்கும் கேமிலிருந்தோ, அது தள்ளும் டேப்பெட்டிலிருந்தோ, ரிங்கிலிருந்தோ, ஆயில் பம்பிலிருந்தோ வருகிறது.

சம்ப்பைக் கழற்றி ஒரு பிக் எண்ட் மூடியை, அதாவது பிஸ்டன் ராடு கிராங்கோடு சேரும் இடத்தின் மூடியைத் திறங்கள். பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் வட்டப் பகுதியான ஜர்னலின் மேல் நகத்தை ஓட்டினால் எங்கும் தடுக்கக் கூடாது. மைக்ரோமீட்டரால் ஜர்னலைக் குறுக்கும் நெடுக்குமாக அளங்கள், வட்டம் கெட்ட அளவு 0.025 மி.மீ.க்குள் இருந்தால் புது பேரிங் போடுவதில் பலன் உண்டு. ஓவலாகிப்போன ஜர்னலில் புது பேரிங் போட்டால் சீக்கிரமே பழைய நிலைமை திரும்பிவிடும். இடைவெளியை, நசுங்கிய அகலத்தால் அதைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழை வைத்து, மூடியைச் சரியான டார்க்கில் இறுக்கித் திறந்து பார்க்கலாம். 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.04 முதல் 0.06 மி.மீ. நல்லது. இழை இருக்கும்போது கிராங்கைச் சுற்றிவிடக் கூடாது. மூடிகளை இடம் மாற்றாமல், திசையும் மாறாமல், எண் குத்தி வையுங்கள்.

சத்தம் இல்லை என்கிறீர்கள். பிக் எண்ட் பேசத் தொடங்கினால், சுமை அதிகமில்லாமல் சீராகப் போகும்போது ‘டக் டக்’ என்று கேட்கும்; அந்த சிலிண்டரின் பிளக் வயரை எடுத்தால் குறையும். மெயின் பேரிங் சத்தம் ஆழத்திலிருந்து, இழுக்கும்போது உறுமலாக வரும். குளிரில் கேட்டு, சூடானதும் மறைந்துபோகும் மொத்தமான தட்டல் பிஸ்டனுடையது. அதோடு பல காலம் ஓட்டலாம். முதல் இரண்டில் எது கேட்டாலும் அடியிலிருந்து பேரிங் மாற்றும் யோசனையை விட்டுவிட்டு இன்ஜினை இறக்குங்கள்.

கேள்வி: ரிங் மட்டும் போட்டால் போதுமா, போர் போட வேண்டுமா? லேத் பட்டறையில் ‘எதற்கும் போர் போட்டுவிடலாம்’ என்கிறார்கள். – டி.எம்.

பதில்: ‘எதற்கும்’ என்று சொல்லி போர் போடக் கூடாது, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கக் கூடாது. பிளாக்கில் உள்ள உலோகத்தை ஒருமுறை சீவினால் திரும்பி வராது. பெரும்பாலான பழைய இன்ஜின்களுக்கு 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற படிகளில் ஓவர்சைஸ் பிஸ்டன் உண்டு. அங்குலக் கணக்கு இன்ஜின்களில் 0.010, 0.020, 0.030, 0.040, சிலவற்றில் 0.060. ஒவ்வொரு போரிங்கும் இந்தப் படிகளில் ஒன்றையாவது தின்றுவிடும்.

போர் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி தேயாது. மேல் ரிங் திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே தேய்மானம் மிக அதிகம், அதுவும் கிராங்குக்குக் குறுக்கான பக்கங்களில். அதற்கு மேலே ரிங் படாத பகுதி தேயாமல் ஒரு வரம்பாக நிற்கும். விரல் நகத்தில் தெரியும். டயல் போர் கேஜால் மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்திலும், ஒவ்வொன்றிலும் இரு திசையிலும் அளந்து, ஒரு சிலிண்டருக்கு ஆறு எண்ணாகத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுக்கும் பட்டறையில் பிளாக்கை விடாதீர்கள்.

எங்கள் அளவுகோல் இது. மிக அதிகத் தேய்மானம் 0.10 மி.மீ.க்குள் இருந்தால் ஹோனிங் செய்து (உராய்வுக் கல்லால் நுண்கோடு விழத் தேய்த்து) புது ரிங் போடலாம். 0.10க்கும் 0.20க்கும் நடுவே இருந்தால், வண்டி வருடத்துக்கு எவ்வளவு ஓடும் என்பதைப் பொறுத்து நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. வார இறுதியில் மட்டும் வெளியே வரும் காருக்கு ரிங் போதும். 0.20ஐத் தாண்டினால் போர்தான். அதற்கு மேல் புது ரிங் போட்டால், ரிங் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் விரிந்து சுருங்கி, பள்ளத்திலேயே ஆடி உடையும்.

ரிங் மட்டும் போடுகிறவர்கள் அந்த மேல் வரம்பை ரிட்ஜ் ரீமரால் கட்டாயம் எடுக்க வேண்டும். பழைய ரிங்கின் விளிம்பு வரம்புக்கு ஏற்றபடி வளைந்து தேய்ந்திருக்கும். புது ரிங்கின் விளிம்பு கூர்மை. அது வரம்பில் இடித்து, ரிங்கோ பிஸ்டனின் மேல் விளிம்போ உடையும். ரிங்கைப் பிஸ்டனில் மாட்டும் முன், போருக்குள் தேயாத கீழ்ப்பகுதியில் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 73 மி.மீ. போருக்கு 0.22 முதல் 0.30 வரை. குறைவாக இருந்தால் சூட்டில் இரு முனையும் முட்டி, போரைக் கிழித்துவிடும்; மெல்லிய அரத்தால் ராவிச் சரி செய்யலாம். பிஸ்டனின் ரிங் பள்ளத்தையும் அளக்க மறக்காதீர்கள். தேய்ந்து அகன்ற பள்ளத்தில் புது ரிங் போட்டால் அது ஆயிலை மேலே இறைத்துக்கொண்டே இருக்கும்.

போர் போடுவது உறுதியானால், பிஸ்டன் செட் கைக்கு வந்த பிறகுதான் பிளாக்கை அனுப்ப வேண்டும். ‘0.50 கிடைக்கும்’ என்று கடைக்காரர் சொன்னதை நம்பிச் சீவிவிட்டு, கடைசியில் 0.75தான் வந்தது என்று இரண்டாம் முறை சீவியவர்கள் ஏராளம். பட்டறைக்காரர் ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, தயாரிப்பாளர் சொன்ன இடைவெளி விட்டு அந்தந்த போரை முடிப்பார். கடைசி ஓவர்சைஸும் தீர்ந்துவிட்டால் பிளாக்கைத் தூக்கி எறிய வேண்டாம். சிலிண்டருக்குள் உலர் ஸ்லீவ் என்ற மெல்லிய குழாயை அடித்து ஸ்டாண்டர்டு அளவுக்கே கொண்டுவரலாம். ஒரு சிலிண்டரில் மட்டும் ஆழமான கீறல் இருந்தாலும் அந்த ஒன்றுக்கு மட்டும் ஸ்லீவ் போட்டு, மற்ற மூன்றையும் பெரிதாக்காமல் தப்பலாம். ஈர லைனர் (தண்ணீர் நேராகப் படும், கழற்றி மாற்றக்கூடிய சிலிண்டர் குழாய்) உள்ள இன்ஜின் – டிரையம்ப் டிஆர்2 முதல் டிஆர்4 வரை இப்படித்தான் – வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. லைனரையும் பிஸ்டனையும் செட்டாக மாற்றிவிடலாம்; லைனர் பிளாக்கின் மேற்பரப்புக்கு மேல் எவ்வளவு துருத்துகிறது என்பதை மட்டும் கையேட்டின்படி சரிபாருங்கள்.

ஹோனிங் முடிந்து வரும் பிளாக்கை பெட்ரோலால் துடைத்துவிட்டு மூடாதீர்கள். பெட்ரோல் ஆயிலைக் கரைக்கும், உராய்வுத் துகளை நுண்கோடுகளுக்குள்ளேயே விட்டுவிடும். சூடான சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, உடனே உலர்த்தி, ஆயில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி சாம்பல் நிறமாவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆயில் கேலரி அடைப்பான்களைக் கழற்றி உள்ளேயும் பிரஷ் விடுங்கள்.

கேள்வி: கிராங்க் ஏற்கெனவே 0.040 அங்குலம் வரை கிரைண்ட் ஆகியிருக்கிறது. இனி?

பதில்: அந்த அளவுக்குமேல் பேரிங் கிடைப்பது அரிது. அதே வகை கிராங்க் வேறொன்றைத் தேடுவதே சுலபம். கிடைத்ததைக் கிரைண்டிங்குக்கு அனுப்புமுன் காந்த முறையில் விரிசல் சோதனை செய்யச் சொல்லுங்கள். பிறகு செய்தால் கிரைண்டிங் கூலி வீண். ஜர்னல் கன்னத்தோடு சேரும் மூலையில் உள்ள வளைவை அப்படியே வைக்கச் சொல்லுங்கள். அதைக் கூர்மூலையாக்கிவிட்டால் கிராங்க் அங்கேதான் உடையும். நைட்ரைடு செய்த கிராங்க் என்றால் கிரைண்டிங்குக்குப் பின் மேற்பரப்பை மறுபடி கடினப்படுத்த வேண்டியிருக்கலாம்.

கேள்வி: அதே மாடலின் ‘நல்ல’ இன்ஜின் ஒன்று பழைய பாகக் கடையில் இருக்கிறது. என் இன்ஜினில் செலவு செய்வதற்குப் பதில் அதை வாங்கி மாட்டிவிடலாமா? – வி.என்.

பதில்: ஓடிக் காட்டாத இன்ஜினை ‘நல்லது’ என்று யார் சொன்னாலும், வேலை செய்ய வேண்டிய இன்ஜின் என்று கணக்கிட்டே விலை பேசுங்கள். பிளாக், கிராங்க், ஹெட் ஆகிய மூன்று வார்ப்புகளை வாங்குகிறீர்கள். மற்றதெல்லாம் மாற்ற வேண்டியவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் உள்ளே துரு. புல்லியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் போய்விட்டது, கிராங்கோ பிளாக்கோ சேதப்பட்டிருக்கலாம். ராக்கர் கவரைத் திறந்தால் கரும்பிசின் படிந்திருக்கிறதா, ராடு உடைந்து பக்கவாட்டில் ஓட்டை விழுந்து அடைத்திருக்கிறார்களா, பிளாக்கின் தண்ணீர் அறைத் துளைகளை அடைக்கும் கோர் பிளக் ஓரங்களில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

‘அதே மாடல்’ என்ற வார்த்தையும் ஏமாற்றும். எம்ஜிபி காரின் 1798 சிசி இன்ஜின் 1964ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று மெயின் பேரிங்கிலிருந்து ஐந்துக்கு மாறியது. வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். கிராங்கும் பின்பக்கத் தட்டும் அப்படி இல்லை. எந்தப் பழைய காரிலும் மாட்டும் முன் ஃப்ளைவீல் போல்ட் வட்டம், கியர்பாக்ஸ் ஷாஃப்ட் நுழையும் பைலட் புஷ், மவுண்ட் துளைகள், சம்ப்பின் பள்ளம் எந்தப் பக்கம் என்ற நான்கையும் ஒப்பிடுங்கள்.

பட்டறை ரீகண்டிஷன் செய்து தரும் மாற்று இன்ஜின் வேறு விஷயம். ‘ஷார்ட்’ என்றால் பிளாக், கிராங்க், ராடு, பிஸ்டன் மட்டும், ஹெட் வராது. போர் அளவு, ஜர்னல் அளவு, கேம் புதியதா என்ற விவரம் எழுத்தில் வேண்டும். உங்கள் பழைய இன்ஜினை ஈடாகக் கேட்பார்கள். எண் பொறித்த பிளாக் காருடன் பிறந்தது என்றால் கொடுக்காதீர்கள். கூடுதலாகச் செலுத்தியாவது வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் காரை விற்கும்போது எண் பொருந்துகிறதா என்று கேட்கிறவர்கள்தான் நல்ல விலை தருவார்கள்.

கேள்வி: ஃபோக்ஸ்வாகன் பீட்டில். கிராங்க் புல்லியைப் பிடித்து இழுத்தால் முன்னும் பின்னும் அசைகிறது.

பதில்: டயல் கேஜ் வைத்து அளங்கள். 0.07 முதல் 0.13 மி.மீ. சரியான அளவு, 0.15 எல்லை. தாண்டியிருந்தால் இன்ஜினை இறக்கி, ஃப்ளைவீலுக்குப் பின்னால் உள்ள மூன்று ஷிம்மின் (மெல்லிய உலோக வளையத்தின்) தடிமனை மாற்றலாம். எப்போதும் மூன்றுதான், இரண்டோ நான்கோ அல்ல. ஆனால் அங்குள்ள முதல் மெயின் பேரிங்கே கேஸுக்குள் தளர்ந்து ஆடினால் ஷிம் பயன் தராது. மக்னீசியக் கலவைக் கேஸ் மென்மையானது. பேரிங் தட்டித் தட்டி அதன் இருக்கையை அகட்டிவிடும். கேஸை அலைன் போரிங் செய்து, வெளிவிட்டம் பெரிதான பேரிங் போட வேண்டும். இரண்டுமுறை அப்படிச் செய்த கேஸுக்கு மேலும் செலவழிக்காமல் புதிய கேஸ் வாங்குங்கள். இந்த இன்ஜினுக்குப் புதுக் கேஸ் கிடைக்கிறது என்பதால் ‘மாற்று’ என்று நாங்கள் தயங்காமல் சொல்லும் இடம் இது. இன்னொன்று: படுத்த சிலிண்டரில் ஊற்றிய ஆயில் கீழ்ப்பக்கமே தங்கும் என்பதால், முதல் பதிலில் சொன்ன ஆயில் விட்டு அளக்கும் சோதனையை பீட்டிலில் நம்ப முடியாது. லீக் டவுன்தான் வழி.

கேள்வி: ஈயம் இல்லாத பெட்ரோல் என் பழைய ஹெட்டைக் கெடுத்துவிடுமா? உடனே கடினமான வால்வு சீட் போட வேண்டுமா?

பதில்: ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021இல் நிறுத்திவிட்டது, ஆகவே இனி எல்லாருக்கும் இதே பெட்ரோல்தான். ஈயம் எரிந்து சீட்டில் படிந்த மெல்லிய படலம், வால்வும் வார்ப்பிரும்புச் சீட்டும் ஒன்றோடொன்று பற்றிப் பிய்ந்துகொள்ளாமல் தடுத்தது. படலம் இல்லாதபோது, அதிக வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டினால் எக்ஸாஸ்ட் சீட் குழிந்து வால்வு மேலேறும். மெதுவாக ஓடும் காரில் இது மிக மெதுவாகவே நடக்கும்.

வால்வு மேலேறினால் டேப்பெட் இடைவெளி குறையும். 1500 கிலோமீட்டருக்கு ஒருமுறை அளந்து குறித்து வாருங்கள். எக்ஸாஸ்டில் மட்டும் இடைவெளி திரும்பத் திரும்ப இறுகினால் அப்போது ஹெட்டைக் கழற்றிக் கடினச் சீட் போடுங்கள். வேறு காரணத்துக்காக ஹெட் கழன்றிருந்தால் அன்றே போட்டுவிடுவது புத்திசாலித்தனம். அலுமினிய ஹெட்டில் பெரும்பாலும் சீட் ஏற்கெனவே தனியாகப் பொருத்தியதாக இருக்கும்.

கேள்வி: முழு வேலை பார்த்த இன்ஜின். 1000 கிலோமீட்டர் ஆகியும் புகைகிறது. பட்டறையில் பாகம் சரியில்லை என்கிறார்கள். – ஜே.எல்.

பதில்: பாகமாக இருக்கலாம். அதைவிட அதிகம் நடப்பது, போர் கண்ணாடி போல மெருகேறிவிடுவது. வேலை முடிந்த இன்ஜினை நாள் முழுக்க ஐடிலில் ஓட விட்டாலும், முதல் நாளிலிருந்தே சிந்தெடிக் ஆயில் ஊற்றினாலும், பயந்து பயந்து மெதுவாகவே ஓட்டினாலும் ரிங் போரோடு சரியாக அழுந்திப் படியாது. 45 டிகிரியில் குறுக்கே ஓடும் ஹோனிங் கோடுகளில் ரிங் படியுமுன், ஆயில் சுட்டு மெழுகாகி அவற்றை மூடிவிடும். சாதாரண மினரல் ஆயிலுக்கு மாற்றி, நல்ல சாலையில் மூன்றாவது கியரில் நடுத்தர வேகத்திலிருந்து நன்றாக அழுத்தி ஏற்றி, காலை எடுத்து இறக்கி, இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை செய்து பாருங்கள். 500 கிலோமீட்டருக்குள் புகை குறையவில்லை என்றால் பிரித்து மறுபடி ஹோனிங் செய்து புது ரிங் போட வேண்டும், பிஸ்டன் தப்பிவிடும்.

இனி வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு: புது கேம் போட்டால் டேப்பெட்டும் கட்டாயம் புதிது. பழைய டேப்பெட் புது கேமைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். இரண்டிலும் கேமுக்கான தனிப் பசையைத் தடவுங்கள். ஸ்டார்ட் ஆகுமுன் பிளக் இல்லாமல் சுற்றி ஆயில் பிரஷர் வரவழையுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓடட்டும். தட்டை டேப்பெட்டுக்கு ஆயில் கிராங்க் வீசித்தான் வருகிறது, ஐடிலில் போதாது. கார்புரேட்டரில் பெட்ரோல், டைமிங், ரேடியேட்டரில் தண்ணீர் மூன்றும் முன்பே சரியாக இருக்க வேண்டும், நடுவில் நிறுத்தித் தேடும்படி ஆகக் கூடாது. ஆயிலில் துத்தநாகம் 1000 முதல் 1200 பிபிஎம் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். புதுக் கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் இது குறைவு. ஆறியதும் ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்கி – கேஸ்கெட் தயாரிப்பாளர் வேண்டாம் என்று சொன்னால் தவிர – டேப்பெட் இடைவெளி வையுங்கள். முதல் ஆயில் மாற்றம் 500 கிலோமீட்டரில்.

கேள்வி: பேரிங் உருகிப்போன இன்ஜின். வேலை முடித்து 200 கிலோமீட்டரில் மறுபடியும் உருகிவிட்டது. ஏன்?

பதில்: ஆயில் கூலர் இருந்ததா? முதல் விபத்தின் உலோகத் தூள் அதன் குழாய்களில் தங்கியிருந்து புது பேரிங்குக்கு வந்திருக்கும். கூலரைக் கழுவிச் சுத்தம் செய்துவிட்டதாக நம்ப முடியாது, மாற்றுங்கள். கூலர் இல்லை என்றால் கிராங்கின் உள்துளை அடைப்பான்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். ஆயில் பம்பையும் பழையதே போட்டிருந்தால் அதுவும் தூளை அரைத்த பம்ப்தான்.

கேள்வி: சூடேறி பிளாக்கின் தண்ணீர் ஜாக்கெட்டில் வெளிப்பக்கமாக ஒரு சாண் விரிசல். எண் பொருந்திய பிளாக். வெல்டிங் செய்யலாமா?

பதில்: வார்ப்பிரும்பில் சூடான வெல்டிங் செய்தால் பக்கத்திலேயே புது விரிசல் ஓடும் அபாயம் உண்டு, முழு பிளாக்கையும் சீராகச் சூடாக்கி, மெல்ல ஆற விடத் தெரிந்தவர் வேண்டும். வெளி ஜாக்கெட்டுக்கு உலோகத் தையல் நல்ல தீர்வு: விரிசலின் இரு முனையிலும் துளையிட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தி, குறுக்கே பூட்டுகளும் நெடுக ஒன்றையொன்று கவ்வும் மரையாணிகளும் அடித்து, பிறகு அழுத்தச் சோதனை செய்வார்கள். சூடே இல்லாததால் பிளாக் வளையாது. விரிசல் போருக்குள்ளோ மெயின் பேரிங் சுவரிலோ ஓடியிருந்தால் கதை வேறு: முதலாவதற்கு ஸ்லீவ், இரண்டாவதற்கு வேறு பிளாக். அதோடு கோர் பிளக்குகளை எல்லாம் தட்டி எடுத்து, பின் சிலிண்டரைச் சுற்றியுள்ள சேற்றைக் கம்பி விட்டுச் சுரண்டுங்கள். சூடேறியதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்; ரேடியேட்டரை மட்டும் மாற்றிவிட்டு விட்டால் தைத்த பிளாக் மறுபடி சூடேறும்.

கேள்வி: பின் மெயின் பக்கம் ஆயில் ஒழுகுகிறது. இதற்காக இன்ஜின் வேலை பார்க்க வேண்டுமா?

பதில்: பிரிட்டிஷ் பிஎம்சி நிறுவனத்தின் ஏ சீரிஸ், மூன்று மெயின் பேரிங் கொண்ட பி சீரிஸ் போன்ற இன்ஜின்கள் பலவற்றில் அங்கே ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்பும் சுருள் பள்ளம்தான். கொஞ்சம் ஒழுகும். பிரீத்தரைச் சுத்தம் செய்து பாருங்கள், கிளட்ச் நனைந்து வழுக்காதவரை அடியில் ஒரு தட்டு வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.